‘ஆர்வி’ என்று போட்டு என் பத்தியை எடுத்துவிட்டார்கள்: விக்கிப்பீடியா வரலாற்றுப் பக்கத்தை வாசிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: “ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் கட்டுரையில் தெப்பத் திருவிழா பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். அரைமணி நேரத்தில் காணோம். வரலாற்றுப் பக்கத்தில் ‘ஆர்வி அன்சோர்ஸ்டு, சீ டாக்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேலும் கீழும் சிஇ, எஸ்பி, ஆர்எம், கூட்டல் குறி போட்டு கேட் என்று ஏதேதோ. இதெல்லாம் என்ன? நானும் இப்படித்தான் எழுத வேண்டுமா?”

முதலில் உங்கள் பத்திக்கு வந்த வரியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஆர்வி என்றால் ரிவெர்ட். பக்கத்தை முன்பிருந்த நிலைக்கே திருப்பிவிட்டேன் என்று பொருள். அன்சோர்ஸ்டு என்றால் நீங்கள் சொன்னதற்குச் சான்று காட்டவில்லை. சீ டாக் என்றால் இதைப் பற்றிப் பேச்சுப் பக்கத்தில் (ஒவ்வொரு கட்டுரைக்கும் கூடவே இருக்கும் விவாதப் பக்கம்) எழுதியிருக்கிறேன், அங்கே வாருங்கள். என்ன செய்தார், ஏன் செய்தார், அடுத்து நீங்கள் எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. உங்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் நான் பார்த்த குறிப்புகளில் இது நல்ல ரகம். தந்தி நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோகும் வரை, ‘உடனே கிளம்பி வா’ என்று வந்த தந்தியைப் பார்த்து அழாத வீடு இருந்ததா? சொல்லுக்குக் காசு என்பதால் சுருக்கி எழுதினார்கள். படித்தவர்களுக்குத்தான் அது அதட்டலாகவும் துக்கமாகவும் கேட்டது. இங்கேயும் அப்படித்தான்.

இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்றால், தொகுக்கும் பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் அதைத் தொகுப்புச் சுருக்கம் என்போம். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், உங்கள் பயனர் பெயர், பக்கம் எத்தனை பைட்டு (கணினி எழுத்தை அளக்கும் அலகு) கூடியது அல்லது குறைந்தது என்ற கணக்கு, இந்தக் கட்டத்தில் எழுதியது எல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் ஒரு வரியாகப் பதிவாகும். பதிந்த பிறகு அந்தச் சுருக்கத்தை யாராலும் மாற்றி எழுத முடியாது. உங்களாலும் முடியாது, நிர்வாகியாலும் முடியாது. அவதூறோ அந்தரங்கத் தகவலோ இருந்தால் நிர்வாகி அதை மறைத்து வைக்கலாம், அவ்வளவுதான். தவறாக எழுதிவிட்டால், பக்கத்தில் ஒரு இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ இன்னொரு முறை சேமித்து, ‘முந்தைய தொகுப்பின் சுருக்கம் தவறு, நான் செய்தது இன்னது’ என்று எழுதலாம். போலித் தொகுப்பு என்று அதற்கு ஒரு வழக்கமே இருக்கிறது.

உங்கள் தொகுப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் மறுபுறம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நெடுநாள் பயனர் ஒருவரின் கவனிப்புப் பட்டியலில், அதாவது மாற்றம் வந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்று அவர் குறித்துவைத்த பட்டியலில், ஆயிரக்கணக்கில் பக்கங்கள் இருக்கும். காலையில் காப்பியோடு அந்தப் பட்டியலைத் திறந்தால் இரவில் நடந்த மாற்றமெல்லாம் வரி வரியாக நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து வேறுபாட்டைப் பார்க்க நேரம் இருக்காது. எதைத் திறப்பது, எதை விட்டுவிடுவது என்பதை அவர் முடிவு செய்வது இந்தச் சுருக்கத்தை வைத்துத்தான். பெயர் தெரியாத புதுப் பயனர், எண்ணூறு பைட்டு சேர்ப்பு, சுருக்கம் காலி என்றால் அதைத்தான் முதலில் திறப்பார், அதுவும் சந்தேகத்தோடு. (விருப்பத்தேர்வுகளில் ‘சுருக்கம் காலியாக இருந்தால் நினைவூட்டு’ என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.)

சரி, ஏன் இவ்வளவு முடிச்சுப் போட்ட மொழி? 2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோது அங்கே வந்து எழுதியவர்களில் கணினிக்காரர்கள் நிறைய. நிரலை மாற்றிச் சேமிக்கும்போது என்ன மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி வைப்பது அவர்களுக்குப் பழகிப்போனது. நீக்குவதற்கு ஆர்எம், இடம் மாற்றுவதற்கு எம்வி என்று அவர்கள் போடும் சுருக்கங்கள் யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் புழங்கியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கட்டளைகள்தான். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே உள்ள வேறுபாட்டை டிஃப் என்கிறார்களே, அதுவும் 1974இல் பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் வந்த ஒரு நிரலின் பெயர்தான்.

நமக்கும் இது புதிதல்ல. பழைய பத்திரங்களைப் பார்த்தால் ‘ஷை’, ‘ஷையார்’ என்று வரும். மேற்படி, மேற்படியார் என்பதற்குப் பத்திரம் எழுதுபவர்கள் வைத்திருந்த சுருக்கம். மேற்படிக்கு ௸ என்று தனிக்குறி உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. ஊர்க் கணக்குப்பிள்ளை இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். நிலத்தை விற்கிறவருக்குத்தான் விளங்காது, திண்ணையில் உட்கார்ந்து யாரையாவது படித்துக்காட்டச் சொல்வார். இப்போது நீங்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சின்னச் சின்னச் சுருக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம். எஸ்பி என்றால் எழுத்துப்பிழை, ஜிஆர் என்றால் இலக்கணம், டைப்போ என்றால் தட்டச்சுப் பிழை, பங்க்ட் என்றால் நிறுத்தற்குறி. எஃப்எம்டி பக்க வடிவமைப்பைச் சரிசெய்தது. டபிள்யூஎல் அல்லது எல்கே என்றால் ஒரு சொல்லுக்கு விக்கிக்குள்ளேயே இணைப்புக் கொடுத்தது. கேட் என்றால் பூனை அல்ல, கேட்டகரி, நம் சொல்லில் பகுப்பு. முன்னால் கூட்டல் குறி இருந்தால் சேர்த்தார், கழித்தல் குறி இருந்தால் எடுத்தார். ரெஃப் என்றால் சான்று சேர்ப்பு. சிஎன் என்றால் ‘இதற்குச் சான்று தேவை’ என்று வரியின் ஓரத்தில் ஒரு வார்ப்புரு (ஆயத்தமாக இருக்கும் குறிப்பு) ஒட்டியிருக்கிறார். அந்த வரியை எடுக்கவில்லை, அவகாசம் கொடுத்திருக்கிறார். ஈசி என்றால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்து முட்டிக்கொண்டதைச் சொல்வது. பெர் டாக் என்றால் பேச்சுப் பக்கத்தில் முடிவானபடி.

டி, ஏ, பி என்ற மூன்றெழுத்தைப் பார்த்தால் குழம்புவீர்கள். டிஸாம்பிகுவேஷன் என்ற நீளச் சொல்லின் சுருக்கம் அது. வெள்ளி என்று இணைப்புக் கொடுத்தால் அது கோளா, உலோகமா, கிழமையா? சரியான பக்கத்துக்கு அந்த இணைப்பைத் திருப்பிவிடும் வேலைக்குத்தான் இந்தப் பெயர். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று வைத்திருக்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அவசரத்தில் அடித்துப் பாருங்கள், ஆங்கிலக்காரர் ஏன் மூன்றெழுத்தில் முடித்தார் என்று தெரியும்.

சிஇ என்பதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். காப்பி எடிட், உரை திருத்தம். நடையைச் சீராக்கினேன், பொருளை மாற்றவில்லை என்பது அதன் வாக்குறுதி. அதனால்தான் அதை ஒளிந்துகொள்ளும் இடமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஓர் அரசியல்வாதியின் பக்கத்தில் வழக்கு பற்றிய வரி ஒன்று காணாமல் போயிருக்கும். சுருக்கத்தில் பவ்வியமாக சிஇ என்று இருக்கும். கவனிப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியும். உரை திருத்தம் என்று சொல்லிவிட்டு பைட்டுக் கணக்கு நானூறு குறைந்திருந்தால் உடனே திறந்து பார்ப்பார்கள். தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு, நானே செய்திருக்கிறேன். உலாவி பழைய சுருக்கங்களை நினைவில் வைத்துக்கொண்டு முதல் எழுத்தை அடித்ததும் நீட்டும் அல்லவா? ஒருமுறை ஒரு பத்தி முழுவதையும் இன்னொரு கட்டுரைக்கு நகர்த்திவிட்டு, உலாவி நீட்டிய ‘எழுத்துப்பிழை’யையே சுருக்கமாகச் சேமித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் வந்து, ‘இத்தனை பெரிய எழுத்துப்பிழையை நான் பார்த்ததில்லை’ என்று எழுதியிருந்தார். நியாயம்தான். அன்றிலிருந்து அந்தத் தானாக நிரப்பும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன்.

சுருக்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் சுருக்கத்தைச் சேராத சில குறிகளும் உண்டு. வரலாற்றில் தடித்த எம் ஒன்று தெரியும்; தமிழில் அது ‘சி’. சிறு தொகுப்பு என்று அந்தப் பயனரே ஒரு கட்டத்தில் தேர்ந்தெடுத்தது. யாரும் ஆட்சேபிக்க வாய்ப்பே இல்லாத மாற்றத்துக்குத்தான் அதைப் போட வேண்டும். ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் அது ஆண்டை மாற்றுவதாக இருந்தால் அது சிறு தொகுப்பு அல்ல. கணக்கில் புகாமல் தொகுப்பவர்களுக்கு அந்தக் கட்டம் வரவே வராது. அண்மைய மாற்றங்களில் புதுப் பக்கத்துக்கு ‘பு’ என்று வரும். பச்சையிலும் சிவப்பிலும் வரும் எண்கள் பைட்டுக் கணக்கு. இதில் தமிழர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் கூட்டல் 15 என்று காட்டும். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடு முறையில் அது ஐந்து குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. அதையே ஆங்கிலத்தில் சேர்த்தால் வெறும் 5. ஆகவே தமிழ்ப் பக்கத்தில் யாரோ ஆயிரம் பைட்டு அழித்திருக்கிறார் என்று பதறிக்கொண்டு திறந்தால் நாலைந்து வரிகள்தான் போயிருக்கும்.

இனி உங்களைத் தொட்ட குடும்பத்துக்கு வருவோம். ஆர்வி என்பது பொதுவான திருப்புதல். அதோடு இன்னொரு வி சேர்ந்து ஆர்விவி ஆனால், வாண்டலிசத்தைத் திருப்பினேன் என்று பொருள். தமிழில் விசமத் தொகுப்பு என்போம். ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் முதலாவது ‘உங்கள் மாற்றம் சரியில்லை’ என்கிறது, இரண்டாவது ‘நீங்கள் கெடுக்க வந்தவர்’ என்கிறது. பக்கத்தை அழித்துவிட்டுக் கெட்ட வார்த்தை எழுதிப் போனவருக்கு இரண்டாவது பொருந்தும். தன் ஊர்த் திருவிழாவை ஆசையாக எழுதிய ஒருவருக்கு அதைப் போட்டால் அவர் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார். உங்களுக்கு முதலாவதைத்தான் போட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு எழுத்தை விட்டதில் ஒரு மரியாதை இருக்கிறது. இன்னும் பொறுமைசாலியாக இருந்தால் ஏஜிஎஃப் என்று சேர்த்திருப்பார். நல்லெண்ணத்தோடு செய்த தொகுப்பு என்று ஒப்புக்கொண்டுதான் திருப்புகிறேன் என்பது அதன் பொருள்.

திருப்புவதிலும் வழிகள் உண்டு. ‘அன்டிட் ரிவிஷன்’ என்று ஒரு நீண்ட எண்ணோடும் உங்கள் பெயரோடும் தொடங்கும் வரி, மீளமை என்ற இணைப்பைச் சொடுக்கியதும் மென்பொருளே எழுதித் தருவது. அதன் பின்னால் காரணம் எழுத இடம் இருக்கும். எழுதாமல் சேமிப்பது முறையல்ல, ஆனால் சேமிக்கிறார்கள். ரோல்பேக் வேறு; அது நிர்வாகிகளுக்கும் அந்த அணுக்கம், அதாவது தனி அனுமதி, பெற்றவர்களுக்கும் மட்டும். ஒரே சொடுக்கு, காரணம் கேட்கவே கேட்காது. ஆகவே அப்பட்டமான விசமம் போல, காரணம் பார்த்தாலே தெரியும் இடங்களில்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது விதி. உள்ளடக்கச் சண்டையில் அதைப் பயன்படுத்தினால் அணுக்கத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

நீங்கள் திரும்பப் போட, அவர் திரும்ப எடுக்க, இது நீண்டால் 3ஆர்ஆர் என்ற சுருக்கம் முளைக்கும். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்றுக்கு மேல் திருப்பினால் கணக்கைச் சிறிது காலம் தடுத்து வைப்பார்கள். ஆர்வி என்று எழுதாமல் ‘சின்னத் திருத்தம்’ என்று எழுதித் திருப்பினாலும் அது கணக்கில் சேரும். பார்ப்பது செயலை, பெயரை அல்ல. மூன்று முறை இலவசம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சண்டை போடுகிற தோரணை தெரிந்தால் இரண்டாவதிலேயே தடுப்பது உண்டு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது பிஆர்டி. துணிந்து எழுது, யாராவது திருப்பினால் திரும்பப் போடாதே, பேசு என்பதன் முதலெழுத்துகள். நீங்கள் துணிந்து எழுதினீர்கள், அவர் திருப்பினார். இப்போது நிற்பது மூன்றாவது படியில்.

காரணம் சொல்லும் சுருக்கங்கள் தனி இனம். வி என்று தனியாக வந்தால் சரிபார்க்கத்தக்க தன்மை, என்பிஓவி என்றால் நடுநிலை, ஓஆர் என்றால் ஒருவரின் சொந்த ஆய்வு. ஆங்கில விக்கிப்பீடியாவின் உள்ளடக்கக் கொள்கைகளில் அடித்தளமானவை இந்த மூன்றும்தான். சுருக்கத்தில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் இணைப்பாக மாறும் என்பதால் அந்த எழுத்தைச் சொடுக்கிக் கொள்கைப் பக்கத்துக்கே போய்ப் படிக்கலாம். சுருக்கத்தில் வேலை செய்கிற குறியீடு அநேகமாக அது ஒன்றுதான். தடித்த எழுத்து, வார்ப்புரு எதுவும் அங்கே எடுபடாது. இவற்றில் ஓஆர் என்பதை உங்கள் பத்திக்கும் யாராவது சொல்லக்கூடும். ‘நானே வருடா வருடம் பார்த்திருக்கிறேன்’ என்பது விக்கிப்பீடியாவில் சான்றாகாது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதல்ல, படிக்கிற ஒருவர் அதைச் சரிபார்க்க வழியில்லை என்பதுதான்.

பிஎல்பி என்றால் வாழும் மனிதர் பற்றிய கட்டுரை. இந்த மூன்றெழுத்தின் பின்னால் ஒரு கதை உண்டு. 2005 மே மாதம் ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. நவம்பர் இறுதியில் சீகென்தாலரே யுஎஸ்ஏ டுடே நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். வாழும் மனிதர்களைப் பற்றிச் சான்றில்லாத அவதூறு இருந்தால் விவாதத்துக்குக் காத்திராமல் உடனே எடுத்துவிடலாம் என்ற கொள்கை அதன் பிறகு உருவானதுதான். அப்படி எடுப்பது அந்த மூன்று திருப்புதல் கணக்கிலும் சேராது. ஆகவே ‘ஆர்எம், பிஎல்பி’ என்று பார்த்தால் அதைச் சாதாரண நீக்கமாக எண்ணித் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

இயந்திரம் எழுதும் வரிகளையும் மனிதர் எழுதியதாக நினைத்து வருந்த வேண்டாம். தொடக்கத்தில் ஓர் அம்புக்குறியும் சாம்பல் நிறத்தில் ஒரு தலைப்பும் இருந்தால், நீங்கள் எந்தப் பிரிவைத் தொகுத்தீர்கள் என்று மென்பொருளே போட்டது. பக்கம் உருவாக்கப்பட்டது, வழிமாற்றாக்கப்பட்டது, காலியாக்கப்பட்டது என்ற வரிகளும் அப்படியே. ஹாட்கேட், ட்விங்கிள், ஏடபிள்யூபி என்று கடைசியில் வந்தால் அந்தந்தக் கருவியின் கையெழுத்து. ஆங்கிலத்தில் க்ளூபாட் என்ஜி என்ற தானியங்கி ஒன்று இருக்கிறது. விசமத் தொகுப்பு மாதிரி தெரிந்தால் விநாடிகளில் திருப்பிவிடும். சுருக்கத்தில் ‘விசமமாக இருக்கக்கூடும்’ என்றுதான் எழுதும். மனிதர்கள் அந்த ‘கூடும்’ என்பதைக் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பழைய வரலாறுகளைப் புரட்டினால் ‘ரோபோ சேர்த்தது’ என்று தொடங்கி ஏதோ ஒரு மொழிக் குறியீட்டில் முடியும் வரிகள் பக்கம் பக்கமாக வரும். ஒரு கட்டுரையின் மற்ற மொழிப் பக்கங்களுக்கு இணைப்புச் சேர்த்த தானியங்கிகள் அவை. 2013இல் அந்த வேலையை, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவு எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் அந்த வரிகள் அருகிவிட்டன.

‘நானும் இப்படித்தான் எழுத வேண்டுமா’ என்ற இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஆங்கிலத்தில் அளவோடு, தமிழில் வேண்டவே வேண்டாம். தமிழில் ஏன் வேண்டாம் என்று சொல்ல ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

2018 வரை சுருக்கத்துக்கு தரவுத்தளத்தில் இருந்த இடம் 255 பைட்டு. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தாராளம். தமிழில் ஒவ்வொரு யூனிக்கோடு குறியீடும் மூன்று பைட்டு என்பதால் மொத்தம் 85 குறியீடுதான் கொள்ளும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று எழுதினால் 67 பைட்டு காலி. ஆங்கிலத்தில் டைப்போ நாலே பைட்டு. இதில் பிரிவின் தலைப்பும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘போக்குவரத்து வசதிகள்’ என்ற பிரிவைத் தொகுத்தால், நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே 64 பைட்டு போய்விடும், கிட்டத்தட்ட கால்வாசி. எழுதிக்கொண்டே போனால் பாதிச் சொல்லில் நின்றுவிடும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பழைய தொகுப்புகளுக்கு ஆங்கிலச் சுருக்கம் அத்தனை இருப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் மேல் அலட்சியம் என்று அன்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். இடமே இல்லாத வீட்டில் கட்டில் ஏன் போடவில்லை என்று கேட்பது போல. 2018இல் பைட்டுக் கணக்கை விட்டு 500 குறியீடு என்று மாற்றினார்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே அளவு. ஆக, தமிழில் குறுக்கி எழுதியே தீர வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அதற்குப் பிறகும் எ.பி., உ.தி. என்று புதிய சுருக்கங்கள் செய்து பட்டியல் போடலாம் என்று அவ்வப்போது யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. கி.மு., பி.கு. எல்லாம் நமக்குப் புரிவது பள்ளியிலேயே பழகியதால். எ.பி. என்பதை எழுத்துப்பிழை என்று வாசிக்க எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. பத்துப் பேர் கொண்ட குழுவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் அது. தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாக வருகிறவரை நிறுத்திவைப்பதே பெரும்பாடு. அவருக்கு இன்னொரு பூட்டு எதற்கு? போகட்டும், நம்மிடம் ஏற்கெனவே ஒற்றைச் சொல்லில் முடியும் நல்ல வழக்குகள் இருக்கின்றன. துவக்கம், விரிவாக்கம், திருத்தம், துப்புரவு, பகுப்பு, சான்று இணைப்பு என்று தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களில் நாள்தோறும் காணலாம். முழுச்சொல், சுருக்கமும்கூட.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு இது. நான் செய்ததை ஒருவர் வேறுபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொள்வார் என்றால் சில எழுத்திலேயே முடிப்பேன். எஸ்பி, டி-ஏ-பி, கூட்டல் கேட். எதையாவது எடுத்தாலோ, ஒருவர் எழுதியதைத் திருப்பினாலோ, எண்ணையும் ஆண்டையும் மாற்றினாலோ முழு வாக்கியம். ஏனென்றால் இந்தச் சுருக்கங்களில் பெரும்பாலானவை என்ன செய்தேன் என்று மட்டும்தான் சொல்லும். அது வேறுபாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏன் செய்தேன் என்பது நான் எழுதினால்தான் தெரியும். ‘ஆர்எம்’ என்று மட்டும் போட்டு ஒரு பத்தியை எடுப்பது, கடைக்கதவில் ‘மூடியுள்ளது’ என்று பலகை மாட்டுவது போல. மூடியிருப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே!

ஓர் இடத்தில் மட்டும் சுருக்கவே கூடாது. தமிழில் எழுத வருகிறவர்கள் மறக்கிற இடமும் அதுதான். மொழிபெயர்ப்பு. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி இட்டால், அந்த ஆங்கில உரையை எழுதியவர்கள் யார் யார் என்று காட்டும் கடமை உங்களுக்கு இருக்கிறது. விக்கிப்பீடியா உரை யாருக்கும் சொந்தமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, எழுதியவருக்கே காப்புரிமை. 2009 ஜூன் முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், ஆசிரியரைக் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். 2023இல் அதன் 4.0 பதிப்புக்கு மாறியது. நூற்றுக்கணக்கான பேர் எழுதிய கட்டுரைக்கு எல்லார் பெயரையும் எங்கே எழுதுவது? அதற்கு விடை இந்தச் சின்னக் கட்டம்தான். ‘ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள இன்ன கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தது, எழுதியோர் விவரத்துக்கு அதன் வரலாற்றைப் பார்க்க’ என்று இணைப்போடு ஒரு வரி. பெயர்கள் எல்லாம் அந்த வரலாற்றில் இருக்கின்றன, நீங்கள் வழியைக் காட்டினால் போதும். மொழிபெயர்ப்புக் கருவி வழியாகச் செய்தால் அதுவே எழுதிவிடும். கையால் ஒட்டினால் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே விக்கிக்குள் ஒரு கட்டுரையின் பத்தியை இன்னொன்றுக்கு எடுத்துச் சென்றாலும் இதே விதி. நான் எழுத்துப்பிழை என்று பதிந்த அந்தத் தொகுப்பு வெறும் நகைப்போடு போகாததற்கு இதுதான் காரணம். போலித் தொகுப்பு ஒன்றைச் செய்து, பத்தி எங்கிருந்து வந்தது என்று எழுதிய பிறகுதான் விவகாரம் முடிந்தது.

சரி, உங்கள் தெப்பத் திருவிழா. முதலில் அவர் எழுதியிருக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள். பிறகு சான்று தேடுங்கள். நாளிதழில் அந்தத் திருவிழா பற்றிய செய்தி, அறநிலையத்துறை வெளியீடு, மாவட்ட விவரச் சுவடி, கோயில் வரலாறு பற்றி அச்சான நூல், ஏதாவது ஒன்று போதும். கோயில் வாசலில் கொடுத்த அழைப்பிதழ் போதாது என்பார்கள், வாதிட வேண்டாம். சான்று எதைச் சொல்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் பத்தியைக் குறுக்கிக்கொள்ளுங்கள். ‘வெகு விமரிசையாக’, ‘பக்தர்கள் பரவசத்துடன்’ எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சேமிக்கும் முன் சுருக்கக் கட்டத்தில், சிறு தொகுப்பு என்று குறிக்காமல், இந்தப் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதுங்கள்: ‘தெப்பத் திருவிழாப் பத்தியை மீண்டும் சேர்க்கிறேன், இம்முறை நாளிதழ்ச் சான்றுடன், பேச்சுப் பக்கத்தில் கேட்டபடி.’ கடைசி மூன்று சொல்லுக்கு மட்டும் ‘பெர் டாக்’ என்று போட்டுக்கொள்ளலாம். அவர் அதைத் தன் கவனிப்புப் பட்டியலில் பார்த்ததும், சான்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறப்பார்.